பெட்டிக்குள் இருந்த கையெழுத்து

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், என் சினைப்பைகள் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முட்டிவலி தேவலையா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் மூன்றாவது நிமிடம் நீ "நான் சொல்றத முழுசா கேளுடி" என்பாய், நான் வைத்துவிடுவேன், அப்புறம் அம்மா நம் இருவருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

மூன்றாவது டாக்டரைப் பார்த்துவிட்டேன். முதலாமவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எடையைக் குறைங்க, எல்லாம் தானா சரியாயிடும்" என்று ஸ்கேன் தாளைப் பார்த்துச் சொன்னார். எடை ஏறுவதே இந்த நோயால்தானே என்றேன். "நடங்க" என்றார். இரண்டாமவர், "குழந்தை இப்பவே வேணுமா? இல்லன்னா இதுக்கு எதுக்கு இவ்வளவு கவலை?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாடையில் முடி முளைப்பதும், தலைமுடி கொட்டுவதும், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாதவிலக்கு எட்டிப் பார்ப்பதும் குழந்தை வேண்டாதவளுக்கு நோய் இல்லையா? எனக்குக் குழந்தை வேண்டும்தான். அதை அந்த ஆளிடம் சொல்லப் பிடிக்கவில்லை.

போன வாரம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெரியவரிடம் கண்ணாடியைச் சரிசெய்யச் சொன்னேன். அதில் என் தாடையைப் பார்த்துவிட்டு, "மேடம், ஏதோ நூல் ஒட்டியிருக்கு" என்று எடுத்துவிடக் கை நீட்டினார். என் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பாவம், மனுஷன் ஸ்டியரிங்கில் மூக்கை இடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை.

மூன்றாவது டாக்டர் ஒரு அம்மா. உட்கார வைத்துப் படம் போட்டுச் சொன்னார். "நீர்க்கட்டின்னு பேருதான், இது ஹார்மோன் கோளாறு." தினமும் ஒரு சர்க்கரை மாத்திரை (சர்க்கரை நோய்க்குக் கொடுப்பதுதான், இதற்கும் கேட்குமாம்), மூன்று மாதமாக விலக்கு வராவிட்டால் வரவழைக்க இன்னொரு மாத்திரை. கூடவே உங்கள் கம்பெனியின் நல்ல பாக்டீரியா கேப்ஸ்யூல்! "சில சின்ன ஆய்வுகள் இது கொஞ்சம் உதவலாம்னு சொல்லுது. மாத்திரையோட சேர்த்து வேணும்னா சாப்பிடுங்க, மாத்திரைக்குப் பதிலா இல்ல" என்றார்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே தரச் சான்றுச் சீட்டு. அதில் உன் கையெழுத்து! என் ரேங்க் கார்டில் அப்பாவுக்குப் பதிலாக நீ போட்டுக் கொடுத்த அதே கையெழுத்து. என் வீட்டுக்காரரிடம் காட்டி ஒரே பீற்றல். டாக்டர் சொன்னதைவிட அந்தச் சீட்டுதான் எனக்குத் தைரியம்.

உன்,
வாலு

பிப்ரவரி 19

என் அருமை வாலுக்கு,

அம்மாவும் நானும் சுகம். முட்டிக்குப் புதுப் பட்டை வாங்கியிருக்கிறோம், அம்மா அதைக் கழற்றிக் கழற்றி நாற்காலி மேல் வைத்துவிட்டு "வலிக்குது" என்கிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அந்த இரண்டு டாக்டர்களையும் என் முன்னால் கொண்டு வந்து நிறுத்து. ஸ்கேன் தாளோடு பேசுகிறவருக்கு அடுத்த தரம் ஸ்கேன் தாளையே ஃபீஸ் கட்டச் சொல்.

என் வேலையைப் பற்றி நீ கேட்டதே இல்லை. கேப்ஸ்யூலைக் கரைத்து, பல மடங்கு நீர்க்க வைத்து, கண்ணாடித் தட்டில் தடவி, உடம்புச் சூட்டில் இருக்கும் அலமாரிக்குள் மூன்று நாள் வைப்போம். உயிரோடிருக்கும் ஒவ்வொன்றும் வளர்ந்து ஒரு வெள்ளைப் புள்ளியாகும். நான் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவேன். அதனால்தான் இங்கே எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு கேப்ஸ்யூலில் நூறு கோடி உயிர் இருந்தால்தான் பெட்டியில் போடலாம். செத்த பாக்டீரியாவைத் தின்றால் வெறும் மாவைத் தின்ற மாதிரிதான்.

டாக்டர் சொன்ன மாத்திரையை விடாதே. அந்தச் சீட்டையெல்லாம் சேர்த்து வைக்காதே, குப்பையில் போடு.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அம்மா பட்டையைக் கட்டிக்கொள்கிறாளா? இவருக்கு வேலை அதிகம், மற்றபடி சௌக்கியம்.

அந்தச் சர்க்கரை மாத்திரை என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. காலையில் விழுங்கினால் பத்து மணிக்கு வயிறு கலக்கும். வகுப்பு நடக்கும்போது எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பது எனக்கு இப்போது அத்துப்படி. என் மாணவர்கள் எல்லோரும் பங்குக்குள் திரும்புவதில் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள்.

பெட்டியில் இருந்த இலவச ஆலோசனை எண்ணுக்குப் போன் செய்தேன். குழைந்து குழைந்து பேசுகிற ஒரு பெண். "மாத்திரையெல்லாம் ரசாயனம் மேடம். குடல் சரியானா ஹார்மோன் தன்னால சரியாகும். மாத்திரையை மெதுவா விட்டுடுங்க, கேப்ஸ்யூலை ரெண்டா எடுத்துக்கோங்க" என்றாள். விட்டுவிட்டேன். இரண்டு மாத்திரையையும்தான். வயிறு இப்போது சமர்த்தாக இருக்கிறது.

விலக்கு மட்டும் டிசம்பருக்குப் பிறகு வரவில்லை. கேப்ஸ்யூல் வேலை செய்ய நாளாகும் என்கிறாள் அந்தப் பெண். நாத்தனார் வாரம் ஒரு தரம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்கிறாள். இருந்தால் மைக் வைத்துச் சொல்கிறேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்,
வாலு

ஏப்ரல் 9

வாலு,

எல்லோரும் சுகம். உடனே எழுதுகிறேன்.

மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினாய்? போனில் பேசுகிறவள் டாக்டரா? அவள் ஒரு விற்பனைக்காரி. மாதத்துக்கு இத்தனை பெட்டி என்று அவளுக்கு மேல் அழுத்தம், கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்துதான் புலம்புவாள். வயிறு கலக்கினால் டாக்டரிடம் சொல். சாப்பாட்டுக்குப் பிறகு, அளவைக் குறைத்துத் தொடங்கலாம் என்று அவரே வழி சொல்வார். நாளைக்கே போ.

இன்னொன்று. உன் பெட்டியிலிருந்து நான்கு கேப்ஸ்யூல் எனக்குத் தபாலில் அனுப்பு. பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணையும் எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நான்கு கேப்ஸ்யூலைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், பெட்டி எண் தாளின் பின்னால் இருக்கிறது. நீயே உட்கார்ந்து எண்ணப் போகிறாய் என்றதும் எனக்கு நிம்மதி. "இந்த ஊர்லேயே எனக்கு மட்டும்தான் ஸ்பெஷல் டெஸ்ட்" என்று இவரிடம் அலட்டிக்கொண்டேன்.

மாத்திரை விஷயத்தில் உன்னோடு ஒரு ஒப்பந்தம். கேப்ஸ்யூல் சரியில்லை என்று நீ சொன்னால் அன்றைக்கே மாத்திரைக்குத் திரும்புகிறேன். சரியாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன். எண்ணிக்கையை மட்டும் எழுது, போதும்.

காத்திருக்கும்,
வாலு

ஜூன் 11

என் அருமை வாலுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அம்மாவை முட்டி டாக்டரிடம் கூட்டிப்போனேன், ஊசி போட்டார், இப்போது மாடி ஏறுகிறாள். எங்கள் ஆய்வகத்துக்குப் புது நாற்காலிகள் வந்திருக்கின்றன. சக்கரம் வைத்தவை. உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், முதுகுக்கும் நல்ல சாய்மானம். பழையதில் உட்கார்ந்து இடுப்பே போயிருந்தது. கம்பெனிக் குடியிருப்பில் நமக்குத் தரைத்தளத்திலேயே வீடு தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு வசதியாக இருக்கும்.

நீ அனுப்பியது வந்தது. தபாலில் வெயிலில் அலைந்து வந்ததால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீ மாத்திரை சாப்பிடு. டாக்டரைப் பார்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 18

அக்காவுக்கு,

இங்கே சுகம் என்று எழுதினால் பொய். வயிறு உப்பிக்கொண்டு கிடக்கிறது, இடுப்பு இற்றுப்போகிறது. ஆறு மாதமாக விலக்கு இல்லை.

ஏழு வாரம் காத்திருந்தேன். எனக்கு என்ன வந்தது? நாற்காலி! அதன் முதுகுச் சாய்மானம் வரைக்கும் தெரிந்துகொண்டேன். கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. என்னை என்ன, கிறுக்கி என்று நினைத்தாயா?

எனக்கும் கண் இருக்கிறது. நீ குப்பையில் போடச் சொன்ன சீட்டுகளை நான் போடவில்லை. நான்கு பெட்டி, நான்கு சீட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு எண் இருக்கிறது. அடைத்த அன்று எண்ணியது, கிடங்கிலிருந்து அனுப்பிய அன்று எண்ணியது. நடுவில் ஐந்து மாதம். முதல் சீட்டில் 112 கோடி, 112 கோடி. இரண்டாவதில் 118, 118. மூன்றாவதில் 109, 109. நான்காவதில் 121, 121. ஐந்து மாதத்தில் ஒன்றுகூடச் சாகவில்லையா? பத்து வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், ஒரே இடத்தில் இரண்டு தரம் நிறுத்தினால் இரண்டு விரற்கடையாவது தள்ளித்தான் நிற்கும். உன் எண் மட்டும் எப்படி அச்சடித்த மாதிரி நிற்கிறது?

உன் கடிதம் மாத்திரை சாப்பிடு என்கிறது. உன் கையெழுத்து கேப்ஸ்யூல் சாப்பிடு என்கிறது. நான் எந்த அக்காவை நம்புவது? எண்ணைச் சொல். சொல்லும் வரை நான் நிறுத்தப்போவதில்லை. என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

வாலு

ஜூலை 15

என் வாலுக்கு,

மாப்பிள்ளை போன் செய்தபோது "ரத்தம் நிக்கலை அக்கா, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்" என்றார். அன்றே பஸ் ஏறினேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்துக் கிடந்தது. விழித்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு "பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா?" என்று கேட்டாய். சொல்லத்தான் வந்தேன். சொல்லவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். நீ அனுப்பிய நான்கிலும் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. தபாலின் வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எங்களிடம் இருக்கும் அதே பெட்டி எண்ணின் சாம்பிளை எடுத்து எண்ணினேன். நூறு கோடி இருக்க வேண்டிய இடத்தில் முப்பது லட்சம். ஏப்ரல் முப்பதாம் தேதியே எனக்குத் தெரியும்.

அனுப்பும் முன் நாங்கள் எண்ணுவதில்லை. தட்டில் முளைக்க மூன்று நாள் ஆகும், லாரி மூன்று நாள் நிற்காது. முதல் தடவை மேனேஜர், "போன கவுண்ட்டையே போடுங்க, அதுக்குள்ள என்ன செத்தா போயிடும்?" என்றார். போட்டேன். பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடம். கிடங்குக்குத் தகரக் கூரை, இரண்டே இரண்டு மின்விசிறி. அதற்குள் எது பிழைக்கும் என்று நான் ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்தால் வேலை ஓடாது.

உனக்கு ஏன் சொல்லவில்லை? பயம்தான். இந்த வேலை, இந்த வீடு, அம்மாவின் ஊசி. எப்படியும் நீ டாக்டரிடம் போய்விடுவாய் என்று நம்பிக்கொண்டேன்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ படித்துப் பார்த்துச் சரி என்றால் கொடுத்துவிடுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரியாவது எழுது.

அக்கா

ஆகஸ்ட் 3

எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். கேட்டுக்கொள்.

கர்ப்பப்பைக்குள் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் இவர் என் முன்னால் சிரித்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். புற்றுநோய் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் விலக்கு வராததால் உள்சுவர் தடித்து, செல்கள் கெட்ட வழிக்குத் திரும்ப ஆரம்பித்துவிட்டன. ஆறு மாதம் ஹார்மோன் மருந்து. பிறகு மறுபடி சுரண்டிப் பார்ப்பார்கள். சரியாகவில்லை என்றால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. டாக்டரம்மா கேட்டார், "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரவழைச்சுக்கோங்கன்னு சொன்னேனே, அதை ஏன்மா நிறுத்தினீங்க?" என்ன சொல்வேன்? எங்கக்கா கையெழுத்துப் போட்டிருந்தா என்றா?

நிறுத்தியது நான்தான். அந்த முட்டாள்தனம் என்னுடையது, அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் ஏப்ரல் முப்பதாம் தேதி உனக்குத் தெரியும். மே மாதம் முழுக்கத் தெரியும். எண்ணைச் சொன்னால் அன்றைக்கே திரும்புகிறேன் என்று எழுதியிருந்தேன். ஒரே ஒரு எண், அக்கா. அதைச் சொல்லாமல் எனக்கு நாற்காலி கதை எழுதினாய்.

உன் புகாரைப் படித்தேன். இரண்டு தரம். மேனேஜர் ஏழு இடத்தில் வருகிறார். கிடங்கின் தகரம் வருகிறது. லாரி வருகிறது. போனில் பேசிய அந்தப் பெண்கூட வருகிறாள். நீ எங்கே? மூன்று வருடம் பேனாவைப் பிடித்தது யார் கை? பேயா வந்து கையெழுத்துப் போட்டது? இதைத்தான் சரி என்று சொல்ல வேண்டுமா? வாய் கூசாமல் எப்படி என்னிடம் அனுப்பினாய்?

அந்தக் கேப்ஸ்யூல் உயிரோடு இருந்திருந்தாலும் என்னைக் குணப்படுத்தியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. என்னைப் போல எத்தனை பேர் மாத்திரையை விட்டுவிட்டு உன் கையெழுத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசி. அவர்களுக்கு எண்ணிச் சொல்ல அக்காகூட இல்லை.

இதைத் திருப்பி அனுப்புகிறேன். உன்னை உள்ளே வைத்து எழுது. இல்லாவிட்டால் எனக்குக் கடிதமே எழுதாதே.

செப்டம்பர் 17

என் வாலுக்கு,

மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? வாந்தி இருக்கிறதா? அம்மா தினமும் கேட்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "காபி ஆறுது, குடி" என்றாள். அவ்வளவுதான்.

புகாரைப் புதிதாக எழுதினேன். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல நீங்களே உங்களப் பத்தித்தானேம்மா எழுதியிருக்கீங்க?" என்றார். ஆமாம் சார் என்றேன். "உங்க மேலயும் நடவடிக்கை வரும், தெரியுமா?" தெரியும் சார். "வெளிய உக்காந்து இன்னொரு தரம் யோசிச்சுட்டு வாங்க" என்றார். இங்கேயே யோசித்துவிட்டேன் சார் என்றேன். பதிவேட்டின் நகல், என் தட்டுகளின் படம், முப்பது லட்சம் வந்த சோதனைத்தாள், எல்லாம் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் கிடங்கைப் பூட்டினார்கள். கடைகளிலிருந்து பெட்டிகளைத் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது. என்னையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குப் படி மூன்றுதான்.

படிவத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்று ஓர் இடம் இருந்தது. அதை வெறுமையாக விட்டுவிட்டேன். உன் உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்யக் கூடாது என்று தோன்றியது. அந்த இடம் காலியாக இருந்தால் கம்பெனிக்காரர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் வாதாடுவார்களாம். அதிகாரி சொன்னார். உன்னைக் கட்டாயப்படுத்துவதாக நினைக்காதே. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

அக்கா

செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வாந்தி இல்லை. தலைசுற்றல் இருக்கிறது, அதனால் வகுப்பு எடுக்கவில்லை, ஆபீசில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புகிறேன். எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது. யாராவது நடக்கச் சொன்னால் கடித்துவிடுவேன். அம்மாவின் முட்டியைக் கேட்டதாகச் சொல்.

அதே படிவம் ஒன்று இங்கே வாங்கி, அந்தக் காலி இடத்தை நான் நிரப்பிவிட்டேன். என் பெயர், வயது, முகவரி, ஆஸ்பத்திரிச் சீட்டு, நான்கு தரச் சான்று, எல்லாம் வைத்து நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். யார் மேல் புகார் என்று கேட்டிருந்தது. முதலில் கம்பெனி, அடுத்து மேனேஜர், மூன்றாவதாக நீ. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சொந்த அக்கா மேலயா?" என்றார். "நான் நம்பினது அவளைத்தானே, வேற யார் மேல போடுவேன்?" என்றேன். நாத்தனாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. விசேஷம் கேட்பதை நிறுத்தியிருக்கிறாள்.

என் கோபம் தீரவில்லை. ஜனவரியில் மறுபடி சுரண்டிப் பார்ப்பார்கள். அந்த முடிவு எப்படி வந்தாலும் தீருமா என்று எனக்கே தெரியவில்லை. தீர்ந்துவிட்டது என்று உன் மனசு குளிர எழுத என்னால் முடியாது.

அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன், விசாரணைக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கு, அங்கேயே வரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறேன். ஏப்ரல் முப்பதையும் சொல்வேன், நாற்காலியையும் சொல்வேன், ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன். நீ அழுதால் வெளியே போய் அழு.

முதல் நாள் சாயங்காலமே பஸ்ஸில் வந்துவிடுவேன். லாட்ஜில் தங்கச் சொல்கிறார் இவர். அக்கா வீடு இருக்கும்போது நான் எதற்கு லாட்ஜில் தங்க வேண்டும்? புது வீட்டு முகவரியை எழுது. உன் கட்டிலில் எனக்குப் பாதி இடம் ஒதுக்கி வை.

உன்,
வாலு